மூக்குக்குப் பரீட்சை

மூக்கர் முதல் கோப்பையைச் சுழற்றி, மூக்கை அதற்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

பத்திரிகைகளில் ஒயினுக்கு மதிப்பெண் போடுகிறவர் அவர். எந்த நாடு, எந்த மலை, மலையின் எந்தப் பக்கம் என்று முகர்ந்தே சொல்லிவிடுவார் என்று பேர். இருபது வருடமாக எல்லோரும் மூக்கர் மூக்கர் என்று கூப்பிட்டு, சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

"நேத்துதான் நாற்காலிக்கெல்லாம் வார்னிஷ் அடிச்சாங்க. வாடை இன்னும் போகல. மாடி ரூமுக்குப் போயிடலாமா சார்?" என்றார் ஹோட்டல் முதலாளி.

"பரவாயில்ல, இங்கயே இருக்கட்டும்" என்றார் மூக்கர். எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு எளிமை என்று முதலாளி மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

எதிரே ஒயின்காரர் கைகட்டி நின்றிருந்தார். அந்த ஹோட்டலில் பதினோரு வருடமாக விருந்தாளிகளுக்கு ஒயின் தேர்ந்தெடுத்து ஊற்றுகிறவர். நான்கு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு ஜுரம் வந்தது. போகும்போது அவருடைய மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

காலையில்கூட அவள் சொன்னாள். "முதலாளிகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்களேன். மூக்கு போனது உங்க குத்தமா?"

"டிரைவருக்குக் கண்ணு போனாலும் அவன் குத்தம் இல்லதான். அதுக்காக பஸ்ஸைக் குடுப்பாங்களா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போன வாரம் ஒரு பாட்டிலில் தக்கை கெட்டுப்போய், நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்ததாம். இவர் அதை முகர்ந்து பார்த்து, "பிரமாதம்" என்று சொல்லி ஊற்றிவிட்டார். அந்த விருந்தாளி போட்ட சத்தத்தில் வந்ததுதான் இந்தப் பரீட்சை; அதை நடத்த முதலாளி மூக்கரையே வரவழைத்திருந்தார். எந்த ஊர் ஒயின் என்று சரியாகச் சொன்னால் வேலை இருக்கும், தப்பாகச் சொன்னால் நாளை முதல் வேறு ஆள். ஐம்பத்திரண்டு வயதில் ஒயின்காரருக்கு வேறு பிழைப்பு எதுவும் தெரியாது.

மூன்று பாட்டில்களையும் மூக்கரே தேர்ந்தெடுத்து, காகிதம் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆனால் காகிதம் பெயரைத்தான் மறைக்கும், உடம்பை மறைக்காது; ஊருக்கு ஊர் பாட்டிலின் வடிவம் வேறு. முதல் பாட்டிலுக்கு நிமிர்ந்த தோள். ஒரு வாய் குடித்ததும் துவர்ப்பு நாக்கைப் பிடித்தது. நல்ல வேளை, ஜுரம் நாக்கை விட்டுவைத்திருந்தது.

"பிரான்ஸ். போர்தோ. பென்சில் சீவின வாசனை" என்றார் ஒயின்காரர்.

"ஆமா, பென்சில்" என்றார் மூக்கர்.

இரண்டாவது பாட்டிலுக்குத் தோள் சரிந்திருந்தது. ஒயினும் வெளிறிய சிவப்பு. "இதுவும் பிரான்ஸ்தான். பர்கண்டி. செர்ரிப் பழம், மழை பெஞ்ச மண்ணு."

"மண்ணு நல்லாவே தெரியுது."

மூன்றாவது ஒல்லியாக, நெட்டையாக நின்றது. வெள்ளை ஒயின், இனிப்பும் புளிப்பும் சரிக்குச் சரி. "ஜெர்மனி. மோசல் ஆத்தங்கரை. பச்சை ஆப்பிள், ஈரக்கல்லு."

"மூணும் சரி" என்றார் மூக்கர்.

ஒயின்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் முதலாளி எழுந்திருக்கவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது நானே வாங்கி, நானே ஊத்தி வச்சது. எந்த ஊர்னு எனக்கு மட்டும்தான் தெரியும். சாருக்கும் தெரியாது" என்று ஆளுக்கொரு கோப்பை ஊற்றினார்.

குடுவைக்குத் தோளும் இல்லை, இடுப்பும் இல்லை. கருஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்தால் ஸ்பெயினின் ரியோகாவாக இருக்கலாம், இத்தாலியின் டஸ்கனியாக இருக்கலாம், அர்ஜென்டினாவாகவும் இருக்கலாம். நாக்கு துவர்ப்பு என்றது, புளிப்பு என்றது, அதற்கு மேல் வாயைத் திறக்க மறுத்தது. ஒயின்காரர் மூக்கர் பக்கம் திரும்பினார்.

"பெரியவங்க நீங்க முதல்ல சொல்லுங்க சார்."

"பரீட்சை உங்களுக்குத்தானே? நீங்க சொல்லுங்க."

"சார் முன்னாடி நான் எப்படி..."

"கூச்சப்படாதீங்க. நான் அப்புறமா சொல்றேன்."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரும் மூக்கைக் கோப்பைக்குள் விட்டார்கள். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. திடீரென்று முதலாளி முகத்தைச் சுளித்தார், என்னவோ முணுமுணுத்தார், எழுந்து சமையலறைப் பக்கம் ஓடினார். எதற்கென்று புரியாமல் ஒயின்காரர் முகர்ந்தபடியே நின்றார்.

உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது. "அடுப்பை எரியவிட்டுட்டு எங்கய்யா போனீங்க எல்லாரும்? கருகி, ஹோட்டல் பூரா நாறுது."

ஒயின்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரே மூக்கைப் பொத்தும் கருகல் வாடையில், எதுவுமே நடக்காத மாதிரி அவர் நின்றிருக்கிறார். அதுவும் உலகத்துக்கே வாசனை சொல்லிக்கொடுக்கும் மனிதருக்கு இரண்டடி எதிரில், கையும் களவுமாக. பதினோரு வருடமும் இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

கோப்பையைக் கீழே வைத்தார். "சார், உங்ககிட்ட மறைச்சுப் பிரயோஜனம் இல்ல. எனக்கு இந்த மூக்கு..."

மூக்கரும் கோப்பையைக் கீழே வைத்தார். சமையலறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்கு மூணு வருஷமாச்சு. உங்களுக்கு?"