திரும்பி வந்த கதிர்

பாக்கர் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். படம் முழுக்கப் புகை.

புயல் கடலில் தள்ளிய பாலத்து உத்திரங்களைத் தூக்கி, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று காமா கதிரில் படம் எடுக்கிறார்கள். பம்பாயில் அந்தக் கதிர்களுக்குக் கணக்குப் போடுவது அவர் உத்தியோகம். மண்டபத்து முகாம் வேலையைக் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

நேராக வரும் கதிர்தான் விரிசலைக் காட்டும். இரும்புக்குள் முட்டித் திரும்பிய கதிரும் அதே ஃபிலிமில்தான் வந்து விழும். ஒரு முறை திரும்பியதைக் கழித்துவிடலாம். ஐந்தாறு முறை திரும்பியது எங்கே புறப்பட்டதென்று அதற்கே தெரியாது.

அதற்குத்தான் மூன்று வருடமாகச் சமன்பாடு எழுதுகிறார்.

புயல் அடித்து இன்று நாற்பதாம் நாள். தனுஷ்கோடிக்கு விருந்து போய்த் திரும்பாத மகள் உம்மு ஹபீபாவை இறந்தவளாக எண்ணி ஃபாத்திஹா ஓதிவிடலாம் என்று மனைவி காலிதாவிடம் இன்றாவது சொல்லியாக வேண்டும்.

காலிதா வாசலில் வந்து நின்றாள். கையில் துணிமூட்டை.

"புள்ள அக்கரையில, தலைமன்னாருல இருக்காளாம். சீனி முகம்மது மச்சான் சொன்னாக. கருவாட்டுக்கார வெள்ளையம்மாளும் அதையேதான் சொல்லுது. ஒருத்தர ஒருத்தர் தெரியாது. ரெண்டு பேருமா பொய் சொல்லுவாக?"

அவர் ஃபிலிமை மேஜைமேல் வைத்தார்.

"பச்சைப் பாவாடை கட்டியிருக்காளாம். நான் உடுத்திவிட்டது மஞ்சள். நனைஞ்சிருக்கும், எவளோ நல்ல மனுசி மாத்திவிட்டிருக்கா. கரையில வத்தைப் படகு நிக்குது, கெளம்புங்க. பெருநாளைக்குள்ள கூட்டியாந்துரலாம்."

நாற்பது நாளில் அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறார்.

மச்சானுக்கு யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை.

புயலுக்கு ஐந்தாம் நாள், ராமநாதபுரம் ஆஸ்பத்திரி. பேத்தியைக் கேட்டுக் கேட்டு மாமனார் கஞ்சியைத் துப்பிக்கொண்டிருந்தார். "அக்கரையில பத்திரமா இருக்கா மாமா, பச்சைப் பாவாடை கட்டியிருக்கா" என்றார் பாக்கர். கிழவருக்குக் காது மந்தம். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. வார்டே கேட்டது. இரண்டு வாய் குடித்தார். மறுநாள் மவுத்தானார்.

"வாரேன்" என்றார் பாக்கர்.

சட்டை எடுக்கப் பின்னறைக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

மடக்கை அட்டவணைக்கு அடியில், பெருநாளைக்கென்று பம்பாயில் வாங்கிய பச்சைப் பாவாடை, கடைக்காரன் கட்டிய நூல் பிரிக்காமல் இருந்தது.