சிமிட்டும் சிவப்பு

“அண்ணன் வண்டிக்கு எல்இடி டெயில் லைட்டு மாட்டணும் பெஞ்சமினு” என்று பழைய பைக்கைக் கடை வாசலில் நிறுத்தினான் தீனதயாளன்.

அண்ணன் தம்பிக்குள் நிலத்தகராறு என்பது செய்யூருக்கே தெரியும். மெக்கானிக் பெஞ்சமினுக்கு ஆச்சரியம். “இன்னா அண்ணாத்த, ராசியாயிட்டீங்களா?”

“எத்தினி நாளைக்கு மொறச்சிகினு கீறது? தெனம் பொழுது சாயச் சொல்லோ சவுக்குத் தோப்பு வழியாத்தான் வூட்டுக்கு வர்றாரு. பின்னாடி வர்றவனுக்கு நல்லாத் தெரியணும். சும்மா எரிஞ்சாப் பத்தாது, சிமிட்டணும். இந்தப் பக்கம் வேற எவன் வண்டிலயும் இருக்கக் கூடாது.”

பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து மாட்டினான் பெஞ்சமின். மூன்று தரம் சிமிட்டி, ஒரு நொடி நின்று, மறுபடி சிமிட்டியது. அந்த லைட்டு ஜோடியாகத்தான் விற்பனைக்கு வரும். மீந்த சாமானை எந்த மெக்கானிக் குப்பையில் போடுவான்? தீனதயாளன் போனதும் அதைத் தன் பைக்கிலேயே மாட்டிக்கொண்டான்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். பெஞ்சமின் தோப்பு வழியே வீட்டுக்குப் போகும்போது போன் அடித்தது. வண்டியை அணைக்காமல் ஓரங்கட்டி எடுத்தான்.

மறுமுனையில் தீனதயாளனுக்கு மூச்சு வாங்கியது. “அண்ணன் இன்னிக்கு வண்டியவே எடுக்கல, வூட்டாண்டதான் நிக்கிறாரு. டிப்பர்காரன் இன்னாடான்னா, சிமிட்டுற லைட்டப் பாத்துட்டேன், பின்னாடியே போறேன்றான். இன்னொண்ண எவன் வண்டில மாட்டுன?”

பெஞ்சமின் திரும்பிப் பார்த்தான். சவுக்கு மரங்களின் மேல் சிவப்பு வெளிச்சம் மூன்று தரம் சிமிட்டியது.

பின்னால் வந்துகொண்டிருந்த டிப்பர் லாரி, ஹெட்லைட்டை அணைத்தது.