யார் வீட்டு நுரை?

“காளியப்பா, கதவைச் சாத்து.”

வெள்ளியங்கிரியின் குரலைக் கேட்டதும் சௌந்தர்யாவின் கையிலிருந்த கண்ணாடிக் குடுவை நழுவப் பார்த்தது.

குமாரபாளையம் சாயப்பட்டறைக்காரர்கள் சங்கத்தின் தலைவர் அவர். கல்லூரி ஆய்வகத்துக்கே வந்து நிற்பார் என்று அவள் நினைக்கவேயில்லை. டிரைவர் காளியப்பன் கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்துகொண்டான்.

“உன்ற வாத்தியார் எங்க?”

“தீனதயாளன் சார் இன்னிக்கு லீவுங்க.”

“லீவா? பயந்துட்டு ஊட்டுல உக்காந்துட்டாரா?”

உண்மை அதுதான். “அந்த ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிடும்மா, நமக்கு எதுக்கு வம்பு?” என்று நேற்றே கெஞ்சிவிட்டுத்தான் போயிருந்தார்.

காலனிக் கிணற்றில் நுரை பொங்கியதும், அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கிடப்பதும் ஊருக்கே தெரியும். கிணற்றுத் தண்ணீரை அளந்து பார்த்து, ‘சாயப்பட்டறையில் துணி சீக்கிரம் நனையச் சேர்க்கும் கெமிக்கல் இது’ என்று எழுதிக் கொடுத்தவள் ஆராய்ச்சி மாணவி சௌந்தர்யா.

உடனே சங்கக் கூட்டத்தில் வெள்ளியங்கிரி மைக்கைப் பிடித்தார். “எங்க ஆளுக ஒருத்தரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. படிச்ச புள்ள பொய் சொல்லுது!”

இப்போது அவர் ஒரு பாட்டிலை மேஜையில் வைத்தார். லேபிள் இல்லை.

“இதையும் அளந்து பாரு. என்ற கண்ணு முன்னால.”

“இது என்னதுங்கய்யா?”

“அதை நானே சொல்லிட்டா அப்புறம் உன்ற மெஷின் எதுக்கு?”

ஏதோ பொறி வைக்கிறார். ஒரு சின்னத் தப்பு செய்தாலும் போதும், எல்லாமே பொய் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுவார்.

அதில் அளவாகத் தண்ணீர் கலந்து மெஷினில் வைத்தாள். மெல்லிய குழாய் வழியாகத் திரவத்துக்குள் குமிழிகள் கிளம்பின.

“என்ன பண்ணுது அது?”

“குமிழி பொறந்தவுடனே அதோட மேல்பரப்பு சுத்தத் தண்ணியாட்டம் விறைப்பா இருக்குங்க. கெமிக்கல் ஓடிவந்து ஒட்ட ஒட்ட அந்த இழுவிசை குறையும். சிலது சட்டுனு குறையும், சிலது மெதுவா. சரக்குக்குச் சரக்கு மாறுங்க.”

“கைரேகையாட்டமா?”

“கிட்டத்தட்ட அப்படித்தானுங்க.”

கிணற்றுத் தண்ணீரின் நீலக்கோடு ஏற்கெனவே திரையில் இருந்தது. புதிதாக ஒரு சிவப்புக்கோடு இறங்கத் தொடங்கியது. முதலில் தயங்கி, பிறகு சரசரவென்று, நீலக்கோட்டின் மேலேயே போய்ப் படிந்தது.

அப்படியானால் இதுவும் ஏதோ ஒரு பட்டறையிலிருந்து வந்த சரக்குதான்.

“இன்னொரு தடவை போடறேனுங்க.”

குழாயைக் கழுவி மறுபடி போட்டாள். வேறு மாதிரி வந்துவிடாதா என்று இருந்தது. வரவில்லை.

“என்ன சொல்லுது?”

‘பொருந்தலைங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் போய்விடுவார். அப்பா வேலை பார்ப்பதும் சங்கத்து ஆள் ஒருவரின் பட்டறையில்தான்.

ஆனால் காலனியில் குடியிருக்கும் ராசாத்தியின் மகள் நிலாவை நேற்று ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தாள். குளுக்கோஸ் ஏற இடம் கிடைக்காமல் அந்தப் பிஞ்சுக் கையில் மாற்றி மாற்றி ஊசி குத்தியிருந்தார்கள்.

“ரெண்டும் ஒண்ணுதானுங்க.”

“நல்லாப் பாத்துச் சொல்லு புள்ள.”

“பாத்துட்டனுங்க. கிணத்துல கலந்திருக்கறது இதுதான்.”

காளியப்பன் கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தான். வெள்ளியங்கிரி கையைக் காட்டி அவனை நிறுத்தினார். திரையையே வெறித்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு போனை எடுத்தார். யாருக்கு? அப்பாவின் முதலாளிக்கா? இல்லை, வெளியில் ஆட்கள் யாராவது காத்திருக்கிறார்களா? சௌந்தர்யா மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“பொல்யூஷன் ஆபீசருங்களா? வெள்ளியங்கிரி பேசறனுங்க. பட்டறை ஒண்ணுக்கு சீல் வைக்கோணும், இன்னிக்கே வாங்க... இல்லீங்க, சந்தேகமே இல்ல. இந்தச் சரக்கை இங்க வேற ஒருத்தரும் வாங்கறதில்லைங்க. காலைல நானே போயி டிரம்முல இருந்து எடுத்துட்டு வந்து, அந்தப் புள்ளைகிட்டயே குடுத்துச் சோதிச்சுட்டேன்.”

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவர் மேஜையிலிருந்த அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தார்.

“என்ற பையன் கதிர்வேலோட பட்டறைதானுங்க.”