பென்டிரைவ் கேட்ட நியாயம்

பென்டிரைவுக்கு அநியாயம் நடந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் அதிலிருந்த பாட்டுகளையெல்லாம் அழித்துவிட்டு, கணினியை எழுப்பும் கோப்புகளை ஏற்றிவிட்டார்கள். மதர்போர்டை இயக்கும் ஃபர்ம்வேர் மென்பொருள் பழசாம். கணினிக்குள் விசிறி ஓயாமல் அலறுவது அதனால்தானாம். புதுசை ஏற்றத்தான் இந்த ஏற்பாடாம்.

“அதுக்கு என் பாட்டுதான் பலியா? ஹார்டு டிஸ்க் அண்ணே, உங்ககிட்ட இல்லாத இடமா?”

“இரும்மா, உன் பாட்டு…”

“பேசாதீங்க! எனக்கு நியாயம் வேணும்!”

திட்டிக்கொண்டேதான் பென்டிரைவ் கணினியை எழுப்பியது. புது ஃபர்ம்வேர் நல்லபடியாக ஏறியது. விசிறி அடங்கியது. அந்த அமைதியில் பென்டிரைவுக்கும் குரல் இறங்கிவிட்டது.

“இப்பச் சொல்லுங்கண்ணே. என் பாட்டெல்லாம் எங்கே?”

“அழிக்கறதுக்கு முன்னாடியே எங்கிட்ட ஏத்திட்டாங்க. சொல்லத்தான் வந்தேன். விசிறியும் நீயும் சேர்ந்து கத்தினா யாருக்குக் கேக்கும்? எந்தப் பாட்டு முதல்ல வேணும், சொல்லு.”