வழிவிட்ட பக்கம்

கைபேசித் திரையின் மூலையில், வந்த வழியே திரும்ப அழைத்துப்போகும் அம்பு ஒன்று இருந்தது. குழந்தையின் காய்ச்சலுக்கு என்ன செய்வதென்று மருத்துவக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்த அருமைநாதன், விரல் தவறிப் பொம்மைக்கடைப் பக்கத்துக்குள் போய்விட்டான். பதறிப்போய் அம்பை அழுத்தினான். அந்தப் பக்கமோ குறுக்கே வந்து தன்னையே மறுபடி காட்டியது. மூன்று முறை அழுத்தியும் அப்படித்தான்.

“விடேன், அவர் போகணும்,” என்றது அம்பு.

“போனா திரும்பி வரமாட்டாங்க. எல்லாரும் அப்படித்தான் போனாங்க,” என்றது பக்கம்.

“அவர் விரல் நடுங்குது. உன்னைத் தொட்டப்போ தெரியலையா?”

பக்கம் மெல்ல ஒதுங்கி வழிவிட்டது.

நாலாம் நாள், காய்ச்சல் விட்ட மகளை மடியில் வைத்துக்கொண்டு அருமைநாதன் அந்தப் பக்கத்தைத் தானே தேடி வந்தான். மகள் துணி யானையைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள். வெகுநேரம் அம்பை யாரும் அழுத்தவில்லை.