பிரித்துவிட்ட தையல்

மதிய வெயில் தையல்கடையின் கண்ணாடிக் கதவு வழியே வந்து, துணி வெட்டும் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. அளவு நாடாவுக்கும் கத்தரிக்கும் நடுவே கைபேசி ஸ்பீக்கரில் ஒரே இசை திரும்பத் திரும்ப ஓடுகிறது. தையல்காரர் மிஷினை மிதிக்காமல், பெடல்மேல் கால்களை வைத்தபடி காத்திருக்கிறார். எதிரே அவர் மனைவி பொத்தான் தைக்கிறாள். இடது கையை மட்டும் உடம்போடு ஒட்டவிடாமல் சற்றே தள்ளி வைத்திருக்கிறாள். இசை நிற்கிறது. மருத்துவமனைப் பெண்ணின் குரல் வந்ததும் தையல்காரர் கைபேசிப் பக்கம் குனிகிறார்.

"என் வீட்டம்மாவுக்கு அக்குள்ல கட்டின்னு போன தடவையே சொன்னோமேம்மா. டாக்டரைக் கொஞ்சம் சீக்கிரமா பார்க்க முடியாதா?"

"அப்பக் குடுத்த தேதிக்கு நீங்க வரலையே சார். இனி அடுத்த மாசக் கடைசிதான்."

அந்தத் தேதியில் கடையில் பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன. அது முடியட்டும் என்று சொன்னவர் அவர்தான்.

"சரிம்மா," என்கிறார்.

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சிரிக்கிறாள். "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு ஊரையே அலைய விட்டோம்ல. இப்ப நம்ம முறைங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தைத்து முடித்த துணியைக் கொக்கியில் மாட்ட அவள் இரண்டு கைகளையும் தூக்குகிறாள். அவள் அணிந்திருக்கும் ரவிக்கையின் இடது அக்குளில், பழைய தையல் இருந்த இடத்தில், ஊசித்துளைகள் வரிசையாக வெளிச்சத்தில் தெரிகின்றன. இந்தக் கை மட்டும் இறுக்குது என்று அவள் முதன்முதலாகச் சொன்னபோது, அவரே பிரித்து அரை விரல் தளர்த்திக் கொடுத்தது. ரவிக்கையின் இரண்டு கைகளையும் ஒரே அளவில் வெட்டியவர், ஒன்று மட்டும் ஏன் இறுக்குகிறது என்று கேட்கவில்லை.