இன்னும் ஆறு சுற்று

“சார், அவனை உள்ள கூப்பிடுங்க. பிரேக் சூட்டைப் பாருங்க, சிவப்புக்குப் போயிடுச்சு!”

கார் ரேஸ் பாதையோரத்து ஷெட்டில் தலைமை மெக்கானிக் திரையைத் தட்டிக் காட்டினார். மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவரிடம் பேசும் மைக் அவர் கையில் இருந்தது. அதை அடுத்தவர் தொட்டால் அவருக்குப் பொறுக்காது.

“இன்னும் ஆறே சுற்று. பையன் மூணாவது இடத்துல இருக்கான். இப்பப் போய் நிறுத்தச் சொல்றீங்களே!”

“ஆறு சுற்று தாங்காது சார். பிரேக் ஆயில் கொதிச்சா பெடல் தரையோட போயிடும், வண்டி நிக்காது.”

“போன ரேஸ்லயும் இதையேதான் சொன்னீங்க. உங்க பேச்சைக் கேட்டு வண்டியை நிறுத்தினேன். பிரிச்சுப் பார்த்தா என்ன இருந்துச்சு? சூடு காட்டுற ஒயர் ஒண்ணு லூஸ்! ஊரே கைகொட்டிச் சிரிச்சுது.”

அந்த ஒயரை மாட்டியவரும் மெக்கானிக்தான்.

காரில் இருந்தவன் சுருட்டை. தலைமுடியைப் பார்த்து அணியில் வைத்த பெயர். மெக்கானிக்குக்கு அவனோடு ஓர் உறவும் உண்டு. அவன் அவருடைய மனைவியின் ஒரே தம்பி. சும்மா பைக்கில் பறந்துகொண்டிருந்தவனை இங்கே கூட்டிவந்து சேர்த்ததே அவர்தான். போதாத காலம், பாதி ரேஸிலேயே அவன் பக்கத்து மைக் செத்துவிட்டது. இங்கே பேசுவது அவன் காதில் விழும். அவன் பேசுவது இங்கே வராது. பின்பக்க வளைவுகளோ இங்கிருந்து கண்ணுக்கே தெரியாது.

“ரொம்ப முடியலைன்னா அவனே வந்துடுவான்” என்றார் மேனேஜர்.

“அவனா? உயிரே போனாலும் வரமாட்டான் சார்! அவனுக்கு ஒண்ணுன்னா, ‘உன்னை நம்பித்தானே அனுப்பினேன்’னு அவன் அக்கா என் சட்டையைப் பிடிப்பா. நான் என்ன பதில் சொல்றது?”

“ரேஸ்னா ஆபத்து இருக்கத்தான் செய்யும். பயமா இருந்தா தையல் மெஷின் ரிப்பேர் பண்ணப் போயிருக்கணும்.”

திரையில் எண் இன்னும் ஏறியது. அதற்குமேல் மெக்கானிக்கால் பொறுக்க முடியவில்லை. மேனேஜர் கையிலிருந்து மைக்கை வெடுக்கென்று பிடுங்கினார்.

“ரேஸ் போனா போகட்டும்டா, மாமா சொல்றேன்! விடுடா! விடு, விடு!”

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்பக்கத்திலிருந்து கார் மோதிய சத்தம் வந்தது.

மெக்கானிக் மேனேஜரின் காலரைப் பிடித்துவிட்டார். “ஒரு நிமிஷம் முன்னாடி கூப்பிட்டிருந்தா அவன் இந்நேரம் இங்க நின்னிருப்பான்! கோப்பை வேணுமா? இந்தா, கொண்டுபோய் நடுவீட்டுல வச்சுக்கோ!”

நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சுருட்டை கண் விழித்தான். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. வெளியே பெஞ்சில் மேனேஜர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அவரை உள்ளே சேர்க்கக் கூடாது என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்காவோ, அந்த ஆள் நாசமாய்ப் போக என்று வாய் ஓயாமல் சபித்துக்கொண்டிருந்தாள்.

“அவரைத் திட்டாதேக்கா” என்றான் சுருட்டை. குரலே எழும்பவில்லை. “பெடல் இறங்க ஆரம்பிச்சதுமே, போதும்னு நானே வேகத்தைக் குறைச்சுட்டேன். உள்ள வரத்தான் வந்துட்டிருந்தேன்.”

“அப்புறம் எப்படிடா?” மெக்கானிக் பதறிப்போய்க் கேட்டார்.

“இன்ஜின் இரைச்சல்ல வேற எதுவும் கேட்கலை மாமா. ‘விடுடா, விடு, விடு’ன்னு நீங்க கத்தினது மட்டும் கேட்டுச்சு. மேனேஜர் சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். வண்டியைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச நீங்களே சொல்றீங்களேன்னுதான், முழு வேகத்துல விட்டேன்.”